ஊசி படும் முன்: புருவத்துக்கும் உதட்டுக்கும் முன்தயாரிப்பு

மைக்ரோபிளேடிங், பவுடர் ப்ரோ, லிப் பிளஷ், ஐலைனர் என்று பார்லர் பலகையில் எத்தனை பெயர் எழுதியிருந்தாலும் தோலுக்குள் நடப்பது ஒன்றே. ஓர் ஊசியோ, ஊசிகளை நெருக்கமாக அடுக்கிய சிறு அலகோ மேல்தோலைத் தாண்டிப் போய், அடுத்த அடுக்கின் மேற்பகுதியில் நிறமியை விட்டுவிட்டு வருகிறது. மேல்தோல் ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அங்கேயே தங்கிவிட்ட நிறம் அதனோடு உதிர்ந்துபோகும். ரத்தக் குழாய்கள் ஓடும் அடுத்த அடுக்கில் இறங்கிய நிறத்தை உடலின் காவல் செல்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை கண்ணாடியில் நாம் பார்க்கப்போவது அந்த நிறத்தைத்தான். அதையும் தாண்டி ஊசி ஆழமாகப் போனால் நிறம் பரவும், நீலமும் சாம்பலும் கலந்து தெரியும். சரியான ஆழத்துக்கும் தவறான ஆழத்துக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

ஆகவே இதை முகத்தில் நாமே விரும்பி ஏற்கும் ஒரு காயமாகப் பார்க்க வேண்டும். விளைவில் ஒரு பாதி செய்பவரின் கையில் இருக்கிறது. நீங்கள் எந்த உடல்நிலையோடு, எப்படிப்பட்ட தோலோடு, எந்த மாதத்தில் போய் அந்த நாற்காலியில் சாய்கிறீர்கள் என்பது மறு பாதி. இந்த அத்தியாயம் அந்த மறு பாதியைப் பற்றியது.

புருவம் ஏன் உதிர்ந்தது?

பிறவியிலேயே மெல்லிய புருவம் உள்ளவர்களும், பல ஆண்டுகள் திரெடிங் செய்து முடி திரும்ப முளைக்காமல் போனவர்களும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் கடந்த ஓரிரு ஆண்டுகளில் புருவம் கொட்டத் தொடங்கியிருந்தால், பார்லருக்குப் போவதற்கு முன் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

புருவத்தின் வெளிமுனை மட்டும் உதிர்வது தைராய்டு சுரப்பு குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். நடுவில் வட்டமாக ஒரு துண்டு காணாமல் போயிருந்தால் புழுவெட்டா என்று பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் புருவம் குறைவதோடு நெற்றி முடியும் பின்வாங்கிக்கொண்டே போனால், முடிவேரை வடுவாக்கிவிடும் ஒருவகை அழற்சியை மருத்துவர் சந்தேகிப்பார். அதைத் தொடக்கத்திலேயே பிடித்தால்தான் மிச்சம் இருக்கும் முடியைக் காப்பாற்ற முடியும். தொழுநோயிலும் புருவம் உதிரும். அது நம்மிடையே இன்னும் முற்றாக ஒழியவில்லை. கண்டுபிடித்துவிட்டால் கூட்டு மருந்தில் முழுமையாகக் குணமாகும், அந்த மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். இவற்றின் மேல் அழகாக ஒரு புருவத்தை வரைந்துவிட்டால், மருத்துவர் கண்ணில் பட்டிருக்க வேண்டிய அடையாளம் மறைந்துபோகும். காரணம் சரியானதும் சிலருக்கு முடி தானாகவே திரும்பி வருவதும் உண்டு.

கீமோ சிகிச்சை தொடங்கும் முன் புருவத்தை வரைந்துகொள்ள நினைப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த விருப்பம் முழுக்க நியாயமானது. தலைமுடி போவதைவிடப் புருவம் போவதுதான் முகத்தை நோயாளி முகமாக்கியது என்று சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் சிகிச்சை நடக்கும்போது ரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். அப்போது சிறு துளைகூடக் கிருமிக்கு வாசலாகிவிடும். முதல் மருந்து ஏறுவதற்குள் புண் ஆறிவிட நாள் இருக்கிறதா என்று உங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேளுங்கள். இல்லை என்றால் சிகிச்சை முடியும் வரை பென்சில் போதும். அவர் சம்மதம் இல்லாமல் யாரும் உங்கள் முகத்தில் ஊசி வைக்கக் கூடாது.

மாதம் பார்த்து நாள் குறிப்பது

செய்துகொண்ட முதல் சில நாட்கள் புருவம் அளவுக்கு மீறிக் கருப்பாகத் தெரியும். ஐந்தாம் நாளிலிருந்து மெல்லிய செதில்களாக உரியும். இரண்டு வாரத்தில் நிறமே போய்விட்டதோ என்று பயப்படும் அளவுக்கு வெளுக்கும். பிறகு மெல்ல மேலே தெரியத் தொடங்கி, ஒன்று ஒன்றரை மாதத்தில்தான் உண்மை நிறம் நிலைக்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் டச்-அப் வரும். அதன்பின் இன்னொரு முறை இதே ஆறுதல்.

கல்யாணத்துக்காகச் செய்பவர்கள் முகூர்த்தத்துக்கு மூன்று மாதம் முன்பாவது முதல் அமர்வை முடித்துவிட வேண்டும். தை மாதக் கல்யாணம் என்றால் ஐப்பசி தொடக்கத்தில் முதல் அமர்வு, கார்த்திகைக் கடைசியில் டச்-அப். மார்கழி முழுவதும் தோல் ஓய்வாக இருக்கும். ஆவணிக் கல்யாணத்துக்குக் கணக்குப் போட்டால் மூன்று மாதம் முன்பு என்பது அக்னி நட்சத்திரத்தில் போய் விழும். வியர்வை உப்பு புதுப் புண்ணில் எரிச்சல் தரும், நிறத்தையும் பிடிக்க விடாது. வெயில் நிறத்தை மங்கவைக்கும். அவர்கள் மாசியிலேயே முடித்துக்கொள்வது நல்லது. நலங்குக்கு முகத்தில் மஞ்சள் பூசுவார்கள், பாட்டிமார்கள் விட மாட்டார்கள். ஆறாத தோலில் மஞ்சளும் கடலை மாவும் தேய்த்தால் அத்தனை உழைப்பும் போய்விடும். அதற்கும் இந்த மூன்று மாதக் கணக்கே பாதுகாப்பு.

இன்னும் சில நாட்களைத் தவிருங்கள்: நீச்சல் வகுப்பு நடக்கும் மாதம், கடற்கரைப் பயணம், வீட்டில் விசேஷம் வைத்து அடுப்படியிலேயே நிற்க வேண்டிய வாரம், கடும் சளி பிடித்து ஆவி பிடிக்க வேண்டிய நேரம். மாதவிடாய் நாட்களில் சிலருக்கு வலி கூடுதலாகத் தெரியும். நான்கு நாள் தள்ளிப் போடுவதில் எந்த இழப்பும் இல்லை. கர்ப்பமாக இருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் காத்திருப்பதே சரி.

ஒன்றையும் மறைக்காதீர்கள்

நல்ல இடத்தில் ஒரு படிவம் தருவார்கள். அதை வங்கிப் படிவம்போல் கையெழுத்து மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். முன்தயாரிப்பிலேயே மிக முக்கியமான வேலை அந்தப் படிவத்தை உண்மையாக நிரப்புவது. படிவம் தராத இடத்தில் நீங்களே சொல்லுங்கள்.

சர்க்கரை நோய் இருந்தால் மூன்று மாதச் சராசரி அளவைப் பார்த்து, கட்டுக்குள் வந்த பிறகே நாள் குறியுங்கள். காது குத்திய இடத்திலோ, அம்மைத் தழும்பிலோ, அறுவைத் தழும்பிலோ தடித்த மேடு வளர்ந்த அனுபவம் இருந்தால் உங்கள் தோல் கெலாய்டு வளர்க்கும் இயல்புடையது. நம் நிறத் தோலில் அது கூடுதல். தோல் மருத்துவரைக் கேட்காமல் இறங்காதீர்கள். வெண்புள்ளி பரவிக்கொண்டிருக்கும் நிலையிலும், சொரியாசிஸ் கிளம்பியிருக்கும் நிலையிலும் காயம் பட்ட இடத்தில் புதிதாக நோய் தோன்றக்கூடும். புருவத்துக்குள் மச்சம் இருந்தால் அதன் மேல் நிறம் வைக்கக் கூடாது, சுற்றிப் போக வேண்டும். மச்சத்தில் வரும் மாற்றம் வெளியே தெரிய வேண்டிய ஒன்று.

மருந்துகளில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை ரத்தத்தை உறையவிடாது, ஆதலால் ஊசி படும் இடத்தில் கசிவு கூடும், நிறமி வெளியே தள்ளப்படும். இதைக் கேள்விப்பட்டு இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் அப்படி நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. எழுதிக் கொடுத்த மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். நிறுத்த முடியாது என்று அவர் சொன்னால் இந்த ஒப்பனை உங்களுக்கு வேண்டாம். முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிட்டவர்கள் அது முடிந்து ஆறு மாதமாவது காத்திருக்க வேண்டும் என்பது இத்துறையில் வழக்கம்.

முகம் வெளுக்க மருந்துக் கடையில் வாங்கித் தடவும் கிரீமையும் சொல்ல வேண்டும். தோழி சொன்னாள் என்று ஆண்டுக்கணக்கில் பூசும் பல கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது தோலை மெலியவைக்கும். மெலிந்த தோலில் ஊசி எங்கே நிற்கும் என்று யாராலும் கணிக்க முடியாது. 2018-இல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது இத்தகைய கேடுகளைப் பார்த்துத்தான். அந்தக் கிரீமின் டியூபைக் கையோடு கொண்டு போய்த் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென்று விட்டாலும் முகம் சிவந்து எரியும். எப்படி விடுவது என்பதை அவர் சொல்வார்.

ஒவ்வாமை விஷயத்தில் நம் வீட்டுப் பொருட்களே சாட்சி சொல்லும். ஹேர் டை போட்டு நெற்றி வீங்கியதா? ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடம் அரித்ததா, வெளுத்ததா? கவரிங் நகை காதைப் புண்ணாக்கியதா? பல் பிடுங்கும்போது போட்ட மரப்பு ஊசியில் மயக்கமோ படபடப்போ வந்ததா? நான்கையும் சொல்லிவிடுங்கள்.

இடத்தை முன்கூட்டிப் போய்ப் பாருங்கள்

இன்ஸ்டாகிராம் படங்களில் புருவம் செய்து முடித்த அதே நாளில் எடுத்தவைதான் அதிகம். ஆறிய பிறகு, ஓராண்டு கழித்து எடுத்த படங்களைக் கேளுங்கள். உங்கள் நிறத்திலும் உங்கள் வயதிலும் உள்ளவர்களின் படமாகக் கேளுங்கள். சுவரில் தொங்கும் சான்றிதழ் இரண்டு மூன்று நாள் வகுப்புக்கும் கிடைக்கிறது. ஆறிய படத்தைக் காட்டத் தயங்காதவரை நான் அதைவிட நம்புவேன்.

ஊசி ஒருமுறைக்கு மட்டும். சீல் வைத்த பாக்கெட்டில், காலாவதித் தேதியோடு இருக்க வேண்டும். "மேடம், ஊசி பாக்கெட்டை என் முன்னாடியே பிரிங்க" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல கலைஞர் நீங்கள் கேட்பதற்குள் காட்டிவிடுவார். நிறமியைப் புட்டியிலிருந்து சிறு கிண்ணத்தில் ஊற்றி, மீந்ததை எறிய வேண்டும். கையுறை போட்ட கையால் செல்போனைத் தொட்டுவிட்டு முகத்துக்கு வந்தால் கையுறையை மாற்றச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்ஐவி மூன்றும் ரத்தத்தின் வழி பரவுபவை. இவற்றில் ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. இதுவரை போடாதவர்கள் இந்தச் சாக்கிலாவது மூன்று தவணையையும் போட்டுக்கொள்ளுங்கள்.

நிறமியின் பெயரையும் கேளுங்கள். அமெரிக்காவில் 2003, 2004 ஆண்டுகளில் குறிப்பிட்ட சில பெர்மனென்ட் மேக்கப் நிறமிகளால் 150-க்கும் மேற்பட்டவர்களுக்கு வீக்கம், வெடிப்பு, கட்டி என்று பாதிப்பு வந்ததாக அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்துக்குப் புகார்கள் போயின. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் டாட்டூ மைகளிலும் பெர்மனென்ட் மேக்கப் நிறமிகளிலும் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. அந்த விதியின் பெயர் ரீச். "இது ரீச் விதிப்படி தயாரித்ததா?" என்ற கேள்விக்குப் புட்டியைத் திருப்பிக் காட்டிப் பதில் சொல்பவரிடம் மேற்கொண்டு பேசலாம்.

அன்றைக்கே காதுக்குப் பின்னால் பேட்ச் டெஸ்ட் செய்துகொண்டு வாருங்கள். குறைந்தது 48 மணி நேரம் பார்க்க வேண்டும். அதில் ஒன்றும் வராததாலேயே பின்னால் ஒவ்வாமை வரவே வராது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் வரப்போகும் சிலவற்றை அது முன்பே காட்டிக் கொடுக்கும்.

எந்த முறை என்பதையும் அன்றே பேசி முடியுங்கள். நம் ஊர் வெயிலில் எண்ணெய் வடியும் முகம் உள்ளவர்கள் மைக்ரோபிளேடிங் கேட்காமல் இருப்பது நல்லது. முடி முடியாகக் கீறிய கோடுகள் எண்ணெய்ப் பசையுள்ள தோலில், தண்ணீர் தேங்கிய வாசலில் போட்ட கோலம்போலக் கரை தாண்டிக் கலந்துவிடும். அவர்களுக்கு மெஷினில் புள்ளி புள்ளியாக நிழல் போடும் பவுடர் ப்ரோ தாங்கும். நிறத்தில் கன்னங்கரேல் வேண்டாம், கரும்பழுப்பு கேளுங்கள். சுத்தக் கருப்பு வயதாக ஆக நீலம் பாரிக்கும். தலைக்கு டை போடுவதை நிறுத்தி நரையோடு இருக்க எண்ணும் அம்மாக்கள் அதை முன்பே சொன்னால் இன்னும் ஒரு படி மென்மையாகக் கலப்பார்கள்.

உதட்டுக்கு

லிப் பிளஷ் கேட்பவர்களில் பலர் விரும்புவது கருத்த உதட்டை இளஞ்சிவப்பாக்குவது. நிறமி கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் பொருள், பெயிண்டைப்போல் அடிநிறத்தை மூடாது. பழுப்பு உதட்டில் நேராக ரோஸ் வைத்தால் ஊதாவாகவோ சாம்பலாகவோ மாறும். முதலில் ஆரஞ்சு சாயலில் சமன் செய்து, ஆறவைத்து, பிறகுதான் விரும்பிய நிறத்துக்கு வர முடியும்; ஒரே அமர்வில் நடக்காது. காயமே சிலருக்கு மேலும் கருமையைக் கூட்டுவதும் உண்டு. சிகரெட், உதட்டை நக்கும் பழக்கம், ஒத்துக்கொள்ளாத லிப்ஸ்டிக் அல்லது பற்பசை காரணமாக உதடு கருத்திருந்தால் முதலில் அதை நிறுத்திப் பார்க்க வேண்டும். பிறவிப் பழுப்பு நோய் அல்ல. அதை அப்படியே வைத்து, ஓரக்கோடு மட்டும் சீராகத் தெரியச் செய்துகொள்வது நம் உதடுகளுக்கு மிக அழகாக அமையும் என்பது என் கருத்து.

காய்ச்சல் வந்தால் உதட்டோரம் கொப்புளம் கிளம்பும் வழக்கம் உங்களுக்கு எப்போதாவது இருந்திருக்கிறதா? அந்த ஹெர்ப்பிஸ் கிருமி நரம்பில் உறங்கிக்கொண்டேயிருக்கும். ஊசி அதை எழுப்பிவிடும். உதடு முழுக்கக் கொப்புளமானால் நிறமும் போகும், தழும்பும் விழலாம். மருத்துவரிடம் சொன்னால் முன்கூட்டியே தொடங்க வேண்டிய கிருமித் தடுப்பு மாத்திரையை எழுதித் தருவார். ஒரே ஒரு முறை வந்திருந்தாலும் சொல்லுங்கள்.

கடைசி மாதம்

கெமிக்கல் பீல், லேசர் ஏதாவது செய்வதாக இருந்தால் ஒரு மாதத்துக்கு முன்பே நிறுத்துங்கள். இரண்டு வாரத்துக்கு முன் ரெட்டினால், கிளைகாலிக், சாலிசிலிக் அமிலம் கலந்த சீரங்களைப் புருவத்தின் பக்கம் கொண்டு போகாதீர்கள். நெற்றியில் போடாக்ஸ் போட்டவர்கள் இரண்டு வாரமாவது விட்டுவிட்டுப் போக வேண்டும், புருவம் நிற்கும் உயரமே மாறியிருக்கும். வெயிலில் தோல் கருகியிருந்தால் நாளைத் தள்ளிப் போடுங்கள். ஃபேஷியல், பிளீச் எதுவும் கடைசி வாரத்தில் வேண்டாம். புருவத்துக்கு டை போட்டால் உண்மை நிறம் தெரியாது. திரெடிங்கை நிறுத்தி முடியை வளரவிடுங்கள். தாறுமாறாக வளர்ந்த புருவம்தான் வரைபவருக்கு உங்கள் இயல்பான எல்லையைக் காட்டும்.

இந்த மாதத்தில் தினமும் செய்ய ஒரு பயிற்சி உண்டு. விரும்பும் வடிவத்தை ஐப்ரோ பென்சிலால் வரைந்துகொண்டு வேலைக்கும் கடைக்கும் கோயிலுக்கும் போய் வாருங்கள். பத்து நாளில் உங்களுக்கே தெரிந்துவிடும், அந்த வளைவு உங்கள் முகத்தில் தங்குமா, அல்லது எப்போதும் ஏதோ கேள்வி கேட்பது போல இருக்கிறதா என்று. பொட்டு வைத்து ஒரு படம், வைக்காமல் ஒரு படம், கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். நடிகையின் படத்தைவிட இந்தப் படங்கள் செய்பவருக்கு உதவும்.

அன்றைக்கு

முந்தின நாள் மது வேண்டாம், நன்றாகத் தூங்குங்கள். காலையில் தலைக்குக் குளித்துவிடுங்கள், அடுத்த சில நாள் ஷாம்பூ நீர் புருவத்தில் வழியக் கூடாது. முகத்தில் தேங்காய் எண்ணெயோ பவுடரோ இல்லாமல் போங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போவது அவசியம், இரண்டு மூன்று மணி நேரம் படுத்திருக்க வேண்டும். காபியை மட்டும் அன்றைக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். தலை வழியாகக் கழற்றும் குர்தி வேண்டாம், புடவையோ முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையோ நல்லது. ஹெல்மெட்டின் பஞ்சு நெற்றியை அழுத்தும், ஆகவே வண்டியை வீட்டில் விட்டுவிட்டு ஆட்டோவில் போய் வாருங்கள். ஐலைனர் என்றால் கான்டாக்ட் லென்ஸைக் கழற்றி, ஒட்டிய இமைமுடியை முன்பே எடுத்துவிட்டு, கூட ஒருவரை அழைத்துப் போங்கள். மறுநாள் காலை இமை வீங்கியிருக்கும்.

மரப்பு கிரீமை வீட்டிலேயே பூசிக்கொண்டு வரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 4 சதவீதத்துக்கு மேல் லிடோகெயின் கலந்து நேரடியாக விற்கும் களிம்புகளைத் தோலில் பூச வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில் எச்சரித்தது. அளவு மீறினால் இதயத் துடிப்பு தடுமாறும், வலிப்பும் வரலாம். ஆன்லைனில் வாங்கியதை அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி வைப்பது அந்த அபாயத்தை இன்னும் கூட்டும்.

ஊசி எடுப்பதற்கு முன் பென்சிலால் வரைவார்கள். இந்தக் கட்டத்தில் அவசரப்படவே கூடாது. படுத்த நிலையில் முகத் தசை பின்னோக்கிச் சரியும்; நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணைத் திறந்து, முகத்தைத் தளர்த்தி வைத்துப் பாருங்கள். சிரித்துப் பாருங்கள். வாசல் வெளிச்சத்துக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு புருவமும் அச்சில் வார்த்ததுபோல் இருக்க வேண்டியதில்லை, யாருக்கும் அப்படி இல்லை. ஆனால் மனசுக்கு ஒட்டவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி வரையச் சொல்லுங்கள். மூன்றாம் முறையும் ஒட்டவில்லையா, எழுந்து வந்துவிடுங்கள். முன்பணம் போனால் போகட்டும். இரும்பு ஆக்சைடு கலந்த நிறமியை லேசரால் எடுக்கப் போனால் அது மங்குவதற்குப் பதில் கருத்துப்போவதும் உண்டு, அதை நீக்குவது நீண்ட வேலை.

போகும் முன்பே வீட்டில் துவைத்த தலையணை உறை, சுத்தமான பஞ்சு, அவர்கள் சொன்ன களிம்பு தயாராக இருக்கட்டும். முதல் பத்து நாள் சமையலில் இட்லிக் குண்டானைத் திறப்பதையும் தாளிப்பதையும் வேறு யாராவது பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். உதட்டுக்குச் செய்தவர்கள் காரக் குழம்பைத் தள்ளி வையுங்கள். விபூதியும் குங்குமமும் வியர்வையில் கரைந்து புருவத்துக்கு இறங்கும், அவையும் ஆறும் வரை வேண்டாம்.

கிளம்பும்போது நிறமியின் நிறுவனப் பெயர், நிற எண், தொகுதி எண் மூன்றையும் புட்டியோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டச்-அப்பை வேறு ஊரில் செய்ய நேர்ந்தாலும், பின்னாளில் தோல் மருத்துவரிடம் போக நேர்ந்தாலும் அது தேவைப்படும். ரத்த தானம் செய்பவர்கள் ஓராண்டு இடைவெளி விட வேண்டும். எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கும் நாள் வந்தால் புருவத்திலோ இமையிலோ நிறமி இருப்பதை முன்பே சொல்லுங்கள். இரும்பு ஆக்சைடு அரிதாகச் சிலருக்கு அந்த இடத்தில் சூடோ லேசான வீக்கமோ தரும். அதற்காக ஸ்கேனைத் தவிர்க்க வேண்டியதில்லை. உள்ளே இருக்கும்போது சூடு தெரிந்தால் உடனே பெல்லை அழுத்த வேண்டும்.